காப்பறையில் ஓர் எண்ணி

பொங்கோல், பதினான்காம் மாடி.
குண்டு விழுந்தால் ஒளிந்துகொள்ள
வீட்டுக்கு வீடு கட்டிக் கொடுத்த கான்கிரீட் அறை.
இரும்புக் கதவு, தடித்த சுவர்.
எங்கள் வீட்டில் அதற்குள்
பொன்னி அரிசி இரண்டு மூட்டை,
சக்கரம் உடைந்த பெட்டி,
தீபாவளி விளக்குச் சரம்,
அப்புறம் என் மியூவான் எண்ணி.

யாராவது வந்தால் டிக் என்கும்.
வந்தவர் நிற்பதில்லை.
என்றோ வெடித்த விண்மீனின் தூள்
மேல்காற்றில் மோதிச் சிதற,
அதில் பிறந்த ஒரு பொடி
மொட்டை மாடியை,
பதினைந்தில் ஹஸ்னா அக்காவின் தையல் மேசையை,
இந்தக் குண்டு துளைக்காத கூரையை,
என் புறங்கையை
கேட்காமல் கடந்து
மண்ணுக்குள் போய்விடும்.

முதல் ஆண்டு ஏமாந்தேன்.
நாளுக்கு இருமுறை எண் ஏறி இறங்க
சூரியனின் மூச்சு என்று நினைத்தேன்.
காற்றின் எடையாம்.
நிலநடுக்கோட்டு ஊரில்
காலை பத்துக்கும் இரவு பத்துக்கும்
காற்று கொஞ்சம் கனக்கிறது.
அதைக் கழித்தேன்.
மிச்சம், ஆண்டுக்கணக்கில் நீளும்
ஒரு மெல்லிய சரிவு.

சூரியன் சாந்தமாய் இருந்தால்
கதவு திறந்த கல்யாண வீடு, ஒரே கூட்டம்.
முகமெல்லாம் கரும்புள்ளியாய்
அது கொதிக்கிற ஆண்டுகளில்
அதன் காற்றும் காந்தமும்
வருபவரை வெகு தொலைவிலேயே மடக்குகின்றன.
தெருச் சண்டைக்காரன்
நம் வாசலுக்குக் காவல் நிற்பது போல.
பதினோரு ஆண்டுக்கு ஒரு சுற்று.

இங்கே பூமியின் காந்தம் வேறு
குறுக்கே வடம் கட்டி வைத்திருக்கிறது.
துருவத்தில் நூற்றுக்கு இருபது குறைந்தால்
சிங்கப்பூரில் ஒன்றோ இரண்டோ.
அந்த ஒன்றுக்காகத்தான் ஏழு ஆண்டுகள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பார்க்கிறேன்:
இரவு பதினொன்றிலிருந்து பூச்சியம்.
சூரியப் பெரும்புயல் என்று
கை நடுங்க வெய் மிங்குக்குச் செய்தி அனுப்பினேன்.
“துடைப்பான் சார்ஜ் ஏறணுமே,
உங்க பிளக்கத்தான் புடுங்கினேன்”
என்றாள் யோகேஸ்வரி, தோசைக் கரண்டியோடு.
வெய் மிங் இன்னும் சிரிக்கிறான்.

வரைபடத்தில் அந்த எட்டு மணிநேரம்
வெள்ளையாகவே இருக்கிறது.
இட்டு நிரப்பக் கணக்குகள் உண்டு. நிரப்பவில்லை.
அன்றும் வந்திருப்பார்கள்,
தூங்கிய அவள் தோள் வழியே
நொடிக்கு ஒருவர்,
இருட்டில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த துடைப்பானின்
சின்னப் பச்சை விளக்கு வழியே
எப்போதாவது ஒருவர்.