லோடுக்கு அறுபது

நாற்பது பார் ஏற்றினால் வண்டி
பின்னங்கால் மடக்கிய எருமையாக உட்கார்ந்துவிடும்.
முகப்பு விளக்கு இரண்டும் வானம் பார்க்கும்.
திருவொற்றியூர் ஐஸ் ஃபேக்டரியிலிருந்து
காசிமேடு வரைக்கும்
எட்டு வருடமாக நான் வெளிச்சம் காட்டியதெல்லாம்
விளம்பரப் பலகைக்கும் முதல் மாடிகளுக்கும்.
குழியை, விழுந்த பிறகுதான் கண்டேன்.

இன்னொரு பட்டை சேர்த்துவிடு என்றேன்.
கமாலுதீன் தலையாட்டவில்லை.
"காலி வண்டியா திரும்பும்போது
ஈரக்குலை குலுங்கும், பரவால்லியா?"
மணலி ரவுண்டானா பக்கம் அவன் ஷெட்.
டேங்கர் லாரிகளுக்கு நடுவே
என் வண்டி நண்டுக்குஞ்சு.

ஜாக்கி வைத்துச் சேஸை ஏற்றினான்.
அச்சு கீழே தொங்கியது.
பம்ப் ஸ்டாப் ரப்பரைக் கழற்றி என் கையில் வைத்தான்.
ஒரு பக்கம் தேய்ந்து,
மறுபக்கம் வெயிலில் மறந்துபோன அப்பளமாய் விரிசல் விட்டிருந்தது.
அந்த இடத்தில்தான் பை உட்கார வேண்டும்.
உப்புக் காற்றில் இறுகிய நட்டு ஒன்று
ஒரு மணி நேரம் எங்களோடு பேசவே இல்லை.
டீசல் ஊற்றினான்.
சுத்தியால் தட்டினான்.
கடைசியில் கெட்ட வார்த்தைக்குத்தான் அசைந்தது.

கறுப்புப் பை இரண்டு.
தூக்கிப் பார்த்தால் ஒரு ஜோடிச் செருப்பின் எடை.
இதுவா ரெண்டு டன்னைத் தாங்கும் என்றேன்.
"தாங்காது" என்றான்,
காற்றுக் குழாயைச் சைலன்சர் படாமல் விலக்கிக் கட்டியபடி.
"வண்டிய நிமித்தும். அவ்ளோதான்.
நீ எவ்ளோ ஏத்துனேன்னு அச்சுக்குத் தெரியும்.
பிரேக்குக்கும் தெரியும்.
போலீஸுக்கு மட்டும் தெரியாது."

நம்பர் பிளேட் ஓரம் இரண்டு வால்வு.
காலிக்கு ஐந்து, லோடுக்கு அறுபது.
மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவினான்.
இடது பக்கம் ஒரே ஒரு குமிழ்
ஊதி, உடைந்து, மறுபடி ஊதியது.
அரைத் திருகு முறுக்கினான்.
இருவரும் குனிந்தபடியே காத்திருந்தோம்.
வரவில்லை.

அன்றிரவு முப்பத்திரண்டோடு நிறுத்தச் சொன்னேன்.
கொக்கியும் கையுமாக நின்றான் லோடுமேன் தேசப்பன்.
"இன்னும் எட்டு பார் கீதே.
அப்ப இன்னாத்துக்குப் பை மாட்டுன?"
அச்சுக்குத் தெரியும் என்றேன்.
என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

விடியற்காலை மூன்றரை.
வெளிச்சம் முதல்முறையாகத் தரையில் விழுந்தது.
மேன்ஹோல் மூடி.
மூடி இல்லாத மேன்ஹோல்.
குழியைக் காட்ட யாரோ நட்டுவைத்த முருங்கைக் கிளை,
அது துளிர்த்தே விட்டிருந்தது.
இத்தனை நாள் இதற்கு எந்தப் பக்கம் ஓட்டினேன்?

பத்து நாள் கழித்து
பால் பூத் ஏகாம்பரம் கை காட்டி நிறுத்தினார்.
தெருத் திருப்பத்தில் முதல் மாடிக்காரர்.
"இன்னாப்பா, ரூட்ட மாத்திட்டியா?"
தினமும் அதே ரூட்தான் என்றேன்.
நம்பவில்லை.
அவர் வீட்டுச் சுவரில் என் வெளிச்சம் ஏறி
காலண்டரைத் தாண்டும்போது எழுந்துகொள்வாராம்.
பத்து நாளாக பூத் லேட்டாம்,
டீக்கடைக்காரன் வாய்க்கு வந்தபடி பேசுகிறானாம்.
அலாரம் வையுங்கள் என்றேன்.
"அத அமுக்கிட்டுத் தூங்கலாம்பா.
வெளிச்சத்த எங்க அமுக்குறது?"

இப்போது அந்தத் திருப்பத்தில்
ஒருமுறை ஹை பீம் போட்டு எடுக்கிறேன்.
மேலே இருமல் சத்தம் கேட்டால் கிளம்புவேன்.
கேட்காவிட்டால் இன்னொரு முறை.
நிற்கும் அந்த நேரத்தில்
பின்னால் ஐஸ் உருகி, பையின் மேல் சொட்டுவது கேட்கும்.
காசிமேடு போய்ச் சேர்வதற்குள்
அடைத்த காற்று
ஏற்றிய பாரத்துக்குக் கொஞ்சம் அதிகமாகிவிடும்.