பத்திரம்

வீட்டில் எங்களுக்கு ஆங்கிலம்.
தமிழ் எனக்குக் கிடைத்தது
நூலகத்தின் மூன்றாம் மாடியில்,
இரவல் நாவல்களில், சத்தமில்லாமல்.
அவற்றில் யாராவது யாரையாவது
பத்திரமாகப் போய்வரச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள்.
அந்தச் சொல் மேல் எனக்கோர் ஆசை.

யீஷூனில், எலும்பு முறிவு வார்டில்,
ஒன்பது நாள் படுத்திருந்த மதியரசன்
கட்டுப்போட்ட காலோடு கிளம்பிய காலை
முதன்முறையாக அதை வாய்விட்டுச் சொன்னேன்:
"பத்திரமா போங்க."

நின்றார்.
ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு
சட்டைப் பையைத் தட்டினார், பிறகு கால்சட்டைப் பையை.
பிளாஸ்டிக் பையின் முடிச்சைப் பல்லால் அவிழ்த்து
பெர்மிட், எம்சி, எக்ஸ்ரே உறை
ஒவ்வொன்றாகக் கட்டிலில் வைத்தார்.
"எல்லாம் இருக்கு சிஸ்டர். வேற எந்தப் பத்திரம்?"

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துச் சொன்ன பிறகுதான் தெரியும்,
உதடு பிரியும்போதே தொண்டையும் அதிர வேண்டுமாம்.
நான் சொன்னது வீடு வாங்குகிறவர்கள் கையெழுத்துப் போடுவது.
உங்களுக்கு எழுதிக் காட்டலாமென்றால்
இரண்டுக்கும் அதே ப.
மேலே நீங்கள் வாசித்தது எதுவோ.

மதியரசன் சிரிக்கவில்லை.
காகிதங்களை இன்னொரு தரம் எண்ணினார்.
பெர்மிட் முடியப் பதினொரு நாள்.
முதலாளியின் லாரி கீழே நிற்கிறதாம்,
ஹார்ன் ஏழாம் மாடிவரை கேட்டது.

லிஃப்ட் கதவு மூடிய பிறகும்
தொண்டையில் இரண்டு விரல் வைத்து
சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அடுத்த நோயாளி
எனக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.