சிக்கரி நூற்றுக்கு இருபது

குலசேகரத்தில் "காப்பி குடிச்சாச்சா" என்று கேட்டால்
புட்டும் பயறும் தின்றாயா என்று அர்த்தம்.
தோசை தின்றாலும் காப்பிதான்.
சுக்கும் மல்லியும் இடித்துப் போட்டு
ஒரு நுள்ளு காப்பித்தூள் சேராமலே
அதற்கும் காப்பி என்று பேர்.
நான் அந்தக் கணக்கில் வருகிறவள் இல்லை.
எனக்குக் காப்பி என்றால் காப்பி.

மூன்றரைக்கு முதலாவது,
கருப்பட்டி தட்டிப் போட்ட கட்டன்.
நெற்றியில் விளக்கைக் கட்டியபடி நின்றே குடிப்பது.
அந்நேரம் பால் வேண்டாம்,
எனக்குள்ள பால் மரத்தில் இருக்கிறது.
முந்நூற்றைம்பது மரத்துக்கும் வெட்டுப் போட்டு
சிரட்டையில் சொட்டு நிற்கக் காத்திருக்கும்போது
தூக்குப்போணியில் மிச்சம் அரை கிளாஸ்,
ஆறி, அடியில் மண்டியோடு.
உள்ளதிலேயே ருசி அதுதான்.
யாரிடமும் சொன்னதில்லை.

பத்தரைக்குத் தாசையன் கடையில் பால் காப்பி.
ஆற்றக் கூடாது, சீனி பாதி, ஆடை கிடக்கட்டும்.
வாய் திறக்க வேண்டாம்,
செருப்புச் சத்தம் கேட்டே பாய்லர் பக்கம் திரும்புவான்.
நாலு மணிக்கு வீட்டில் பில்டர்.
தூள் வடசேரியில் என் கண் முன்னால் அரைத்தது.
சிக்கரி நூற்றுக்கு இருபது;
ஒரு கிராம் கூடினாலும் எனக்குத் தெரியும்.

ரெண்டு வேளை போதும் என்றார் மார்த்தாண்டத்து டாக்டர்.
மழைநாளில் மட்டும் எண்ணிப் பார்ப்பேன்.
மழைநாளில் வெட்டு இல்லை.
ஆறு.

போன கொல்லம் ஒரு காய்ச்சல்.
எழும்பி உட்கார்ந்த அன்று
எட்வின் போட்டுக் கொடுத்தார். அவர் சாயாக்காரர்.
சூடு இருந்தது.
வேறொன்றும் இல்லை.
தூள் டப்பாவுக்குள் முகத்தை நுழைத்தேன்,
மூக்கு நுனியில் தூள் ஒட்டியதுதான் மிச்சம்.
அடுப்பில் சாளை கருகி
பக்கத்து வீட்டு ஜெசிந்தா ஓடிவந்து சொன்னாள்.
ஒன்றரை மாசம் வெந்நீர் குடித்தேன்,
நேரம் தவறாமல், நாலு வேளையும்.

பிறகு மணம் திரும்பியது,
வழி தப்பி.
ஜெசிந்தாவுக்கும் அதே காய்ச்சல், அதே மூக்கு.
"காப்பி எடுத்தா ரப்பர் கரியுத நாத்தம்க்கா,
நான் விட்டாச்சு."
எனக்குச் சிரிப்பு வந்தது.
முப்பத்தொரு வருசமாய் அந்தப் புகையில்தான்
என் சேலை காய்கிறது.
மகளின் நர்சிங் பீஸ் அந்த நாத்தம்.
இந்தக் கான்கிரீட்,
காதில் கிடக்கிற கம்மல், அடகில் கிடக்கிற வளையல்
எல்லாம் அந்த நாத்தம்.
ஊதிக் குடித்தேன்.
ஒட்டுப்பாலைக் கரைத்து ஊற்றினாற்போல் இருந்தது.
அடுத்த கிளாஸும் குடித்தேன்.

இப்போது பில்டர் எட்வின் பொறுப்பு.
டிகாஷன் இறங்கும்வரை மூடியைத் திறந்து திறந்து பார்ப்பார்,
திட்டினாலும் கேட்கமாட்டார்.
நேற்றும் முதல் மடக்கில் எதிரே வந்து நின்றார்.
"எப்பிடி இருக்கு?"
"ரப்பர்."
என் கிளாஸை வாங்கி மோந்து பார்த்தார்.
ரொம்ப நேரம் யோசித்தார்.
"சிக்கரி கூடிப்போச்சோ?"