ஆடினதுக்கு

"இருக்கா?" என்கிறான்
முகப்படத்தில் புலியை வைத்திருப்பவன்.
இருக்கிறது என்றேன்.
அதோடு போனவன்தான்.

அடுத்தவளுக்கு ஓடுகிற வீடியோ வேண்டும்.
நைட் ஷிப்ட் முடிந்து வந்து
தொழிற்சாலைச் சட்டையையே போட்டுச் சுற்றவிட்டு
அனுப்பினேன்.
சட்டை எந்தக் கடை என்று கேட்டாள்.

கூலிமிலிருந்து ஒருவன்,
முந்நூற்றைம்பதை நூறுக்குக் கேட்டான்.
எண்ணெய்க் காசு, மகள் காதுகுத்து,
மாமியாருக்குக் கண் ஆபரேஷன்,
நான் எதையும் விசாரிக்கவில்லை.
மூன்று நாள் இழுத்து இருநூற்றெண்பதுக்கு இறங்கினேன்.
பாடாங் செராய் எண்ணெய் நிலையத்தில்
அரைமணி நின்றேன்.
செம்பனைக் குலை லோரிகள்தாம் வந்தன.
அழைத்தால், எடுக்கவில்லை.

அப்புறம் லோகநாயகி.
மூடியை நாலு தரம் திறந்து மூடி
கீறலை விரலால் அளந்து
இருபது வெள்ளி குறைத்தாள்.
மீதியை ஐந்து வெள்ளித் தாள்களாக
எச்சில் தொட்டு எண்ணினாள்.
ஒரு தாள் ஈரம்.

ஞாயிற்றுக்கிழமை, விடிந்தும் விடியாமல்:
"அக்கா, மெஷின் குதிக்குது.
காசைத் திருப்பிக் குடுங்க."

வழியெல்லாம் ஏசிக்கொண்டே மோட்டாரை ஓட்டினேன்.
தோட்டம் கைமாறி ஆளில்லாத லயத்தில்
அவள் வீட்டில் மட்டும் துணி காய்ந்தது.
குளியலறைத் தரை
சாக்கடைப் பக்கம் சாய்ந்து கிடந்தது.
வாசலில் கிடந்த ஓட்டுச் சில்லை எடுத்து
முன்காலுக்கு அடியில் தள்ளினேன்.
நின்றது.
இருவரும் ஒரு முழுச் சுற்று
பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தேநீரை நீட்டியபடி சொன்னாள்:
"அப்ப இன்னும் பத்து வெள்ளி
குறைச்சிருக்கணும் நீங்க."

"உங்க தரைக்கா?"

"ஆடினதுக்கு."