சுமார்

மயிலாடுதுறை வக்கீல் திருப்பித் தந்த கட்டில்
மூன்று பத்திரங்கள்.
மூன்று முறை அடமானம் போய்
மூன்று முறையும் மீண்ட அதே மூணு மா நஞ்சை.
எழுதிக்கொடுத்தவள் அம்மாக்கண்ணு.

முப்பத்தொன்றில் ‘சுமார் 30 வயதுள்ள’.
முப்பத்தெட்டிலும் ‘சுமார் 30 வயதுள்ள’.
நாற்பத்திரண்டில் ‘சுமார் 50’.
நாலே வருஷத்தில் இருபது வயது;
வட்டிக் கணக்கில் மட்டும் பிசகே இல்லை.

கொள்ளிடக் கரை உடைந்த வருஷம் பிறந்தவளாம்.
எந்த உடைப்பு?

மூத்த மகன், பள்ளிப் பதிவேட்டில், 1915.
பதினாறு கழித்தேன்.
அவனுக்கு முன் ஒன்று தங்காமல் போயிருக்கலாம்,
இன்னும் இரண்டு.
1897 என்று பென்சிலால் எழுதினேன்.

சிங்கப்பூரிலிருந்து தம்பி:
வம்சப் படம் போடும் செயலி
சுமாரை ஏற்காதாம், தேதியும் மாதமும் கேட்கிறதாம்.
“ஏதாவது போடுக்கா. ஜூன் ஒண்ணு போடு.”

ஜூன் ஒன்று என்னுடையது.
வலக்கையைத் தலைக்கு மேல் வளைத்து
இடது காதைத் தொடச் சொன்னார் ஹெட்மாஸ்டர்.
எட்டவில்லை.
அப்பா என் தலையைக் கொஞ்சம் சாய்த்துவிட்டார்.
ஐந்து வயது முடிந்தது.

போனை வைத்துவிட்டுப்
பத்திரங்களை ஜன்னல் பக்கம் கொண்டுபோனேன்.
மூன்றிலும் இடது பெருவிரல் ரேகை.
முப்பத்தெட்டில் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு,
நாற்பத்திரண்டிலும்.
முப்பத்தொன்றில் இல்லை.

அரிவாள் பட்டிருக்கும்.
அந்த ஏழு வருஷத்துக்குள் ஏதோ ஒரு அறுப்பு,
குறுவையா தாளடியா
தெரியவில்லை.