இடது கதவு

எண்ணூர் விரைவுச் சாலையில்
கன்டெய்னர் லாரி வந்து மோதியபோது
சிக்னலுக்கு நின்றிருந்தது என் வண்டி.
நின்றதுதான் அது செய்த தப்பு.

டிக்கி, பம்பர், இடது கதவு
எல்லாவற்றுக்கும் காசு வந்துவிட்டது.
பெயின்ட்கூட பழசைவிடப் பளபளப்பு.

மூலக்கடை புரோக்கர் தாவூத்
ஒன்றும் கேட்கவில்லை.
விரலை மடக்கி
வலது கதவை ஒரு தட்டு,
இடது கதவை ஒரு தட்டு.
"அடிபட்ட வண்டிம்மா. எண்பதாயிரம் கம்மி."
துண்டுச் சீட்டில் எழுதிக் கேட்டேன்.
தந்தார், கையெழுத்து மட்டும் போடாமல்.

லாரிக்காரனின் இன்சூரன்ஸ் ஆபீஸ்
பாரிமுனையில் மூன்றாவது மாடி.
லிஃப்ட் ஓடவில்லை.

"வண்டி ஓடுதுல்ல?"
"ஓடுது சார்."
"அப்புறம் இன்னா நஷ்டம்?
ஃபாரத்துல இதுக்குக் கட்டமே இல்லம்மா."
"சரி சார், அந்தப் பழைய விலைக்கு
நீங்களே எடுத்துக்கிறீங்களா?"

சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.
பேனாவை மூடினார்.

மனு வாங்கியதற்கு சீல் கேட்டு
மதியம்வரை நின்றேன்.
பாதிதான் பதிந்தது;
தேதி தெரிகிறது, அது போதும்.

இறங்கும்போது மாடிப்படிக் கைப்பிடியை
விரல் மடக்கித் தட்டிக்கொண்டே வந்தேன்.
இரண்டாவது மாடித் திருப்பத்தில்
சத்தம் மாறியது.