சுட்டு

டெப்ரெட்சென் நகரம், நான்காம் மாடி.
சமையல் மேசையில், வெங்காயத் தோலுக்குப் பக்கத்தில்
மூன்று பேனாக்கள். எதிலும் மை இல்லை.
வானியல் கழகத்துக்கு ஒன்று தேற வேண்டும்.
பொறுப்பு எமோக்கெயிடம்,
பணம் பெர்தலானிடம்.

முதலாவது சந்தையில் வாங்கியது.
'ஐந்து மில்லிவாட்டுக்குள்' என்று
மஞ்சள் சீட்டு சத்தியம் செய்கிறது.
பள்ளி ஆய்வகத்து அளவியில் வைத்தார்கள்.
அறுபத்திரண்டு.
அதில் பாதி பச்சையே இல்லை, அகச்சிவப்பு.
ஒரு வடிகட்டிக்குக் காசு மிச்சம் பிடித்தவன்
உள்ளேயே விட்டுவைத்த சூடு.
தெரியாத ஒளிக்கு மூடிக்கொள்ள
இமைக்குத் தெரியாது.

இரண்டாவது பொய் சொல்லாதது.
சான்றிதழ், வரிசை எண், வடிகட்டி எல்லாம் உண்டு.
ஆனால் ஒருமுறை அழுத்தினால் எரிந்துகொண்டே இருக்கும்.
"கை நழுவினாலும் எரியும்," என்கிறாள் எமோக்கெ.
"புல்லில் உருண்டு போய் ஒரு முகத்தைத் தேடும்."

பெர்தலான் வலக்கண்ணை மூடிக்கொண்டு
ரசீதைப் படிக்கிறான்.

பதினோரு வருடம் முன்பு யாரோ
சனிக்கோளைக் காட்டுகிறேன் என்று வீசிய கோடு
ஒரு காரின் கண்ணாடியில் பட்டுத் திரும்பியது.
வலிக்கவில்லை. அரை நொடிகூட ஆகவில்லை.
அன்றிலிருந்து அந்தக் கண்ணின் நட்டநடுவில்
பருப்பளவு சாம்பல்.
சுட்டினான் என்பதா,
சுட்டான் என்பதா?
கணக்குப் புத்தகத்தில் எல்லாவற்றுக்கும்
தலைப்பு வைத்திருப்பவன்
இதற்கு மட்டும் வைக்கவில்லை.

மங்கலானதை நேராகப் பார்க்காதீர்கள்,
ஓரக்கண்ணால் பாருங்கள் என்று
புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது
"எனக்கு அந்தப் பயிற்சி வேண்டாம்" என்பான்.
எல்லோரும் சிரிப்பார்கள்.
எமோக்கெ சிரிப்பதில்லை.
அந்தக் காரை அங்கே நிறுத்தியவள் அவள்.

மூன்றாவது, ஒரு மில்லிவாட்டுக்கும் குறைவு.
விரலை எடுத்தால் அணைந்துவிடும்.
குளிரில் சண்டி பண்ணும்,
அக்குளில் வைத்துச் சமாதானம் செய்ய வேண்டும்.
சந்தைப் பேனாவைப் போல ஆறு மடங்கு விலை.

"குறைச்சலான வெளிச்சத்துக்கு
கூடுதல் காசா?"
பொருளாளர் கேட்க வேண்டிய கேள்விதான்.
"ஆமாம்."
கையெழுத்துப் போட்டான்.

ஹோர்டோபாஜ் சமவெளி, அக்டோபர்.
மேடும் இல்லை மரமும் இல்லை,
முழங்காலில் இருந்தே வானம் தொடங்குகிறது.
முப்பது பேர் வந்திருக்கிறார்கள்.
எமோக்கெ அக்குளில் இருந்து பேனாவை எடுத்து
மேலே பார்க்கிறாள், சுற்றிலும் பார்க்கிறாள்,
மறுபடி மேலே. அழுத்துகிறாள்.

"எங்கே? ஒன்றும் தெரியலையே!"
"போன வருஷத்துப் பேனா நல்லா இருந்துச்சே."
"பக்கத்தில் வாங்க," என்கிறாள்.
"இன்னும் பக்கத்தில்."

கோட்டுகள் உரச, பூண்டு மணக்க,
ஒருவர் தோளில் இன்னொருவர் தாடை வைத்து
அவள் முதுகுக்குப் பின்னால் நெருங்கியபோது
மெல்லிய பச்சை நூல் ஒன்று
ஒவ்வொரு கண்ணாக எழுந்தது.
அதோ, இரண்டு மீன்களைத் தாண்டி, அந்தப் புகை.
ஆந்திரமேடா.
"பார்த்தாச்சு," என்றான் பெர்தலான், முதல் ஆளாக.
எந்தக் கண்ணால் என்று யாரும் கேட்கவில்லை.

மேற்கில் ஒரு சிவப்புப் புள்ளி துடித்தது.
மருத்துவமனை ஹெலிகாப்டர்.
உள்ளே யாரோ கிடத்தப்பட்டிருக்கலாம்,
ஓட்டுகிறவருக்கு இரண்டு கண் இருக்கும்.
விரல் எழுந்தது. நூல் அறுந்தது.
இரைச்சல் தலைக்கு மேல் வந்து
கிழக்கே தேய்ந்து போனது.

"போயிடுச்சு, போடுங்க."
அவள் போடவில்லை.
"போயிடுச்சு மேடம்."

இருட்டில் எங்கிருந்தோ
கதவுக் கீல் போலக் கத்திக்கொண்டு
நாரைகள் வந்துகொண்டிருந்தன.
எத்தனை என்று தெரியவில்லை.
கடைசி நாரை கடக்கும்வரை
முப்பது பேரும் ஒட்டியபடியே நின்றார்கள்.